காக்காவும் காக்கையும்

சென்ற இதழில் நமது உறவுமுறைப் பெயர்கள் பற்றி வெளியான கட்டுரையை இரண்டு தடவைகள் வாசித்தேன். முதல் வாசிப்பில் சந்தோஷமாக இருந்தது. நமது வீடுகளில் புழங்கும் சொற்களைப் பற்றி எழுத ஒருவராவது இருக்கிறாரே என்ற சந்தோஷம். இரண்டாவது வாசிப்பில் மனம் சங்கடப்பட்டது. கட்டுரையாளர் எனது நண்பர். சமூகத்தின் மீது அவருக்குள்ள அக்கறையில் எனக்குச் சந்தேகம் எதுவுமில்லை. ஆனால் அக்கறை வேறு, ஆதாரம் வேறு. இக்கட்டுரைக்கு மறுப்பு எழுதாமல் விட்டால் நாளை ஒரு மாணவன் அதையே பரீட்சைத் தாளில் எழுதுவான். அந்தத் தாளைத் திருத்தப் போகிறவன் என்னைப் போன்ற ஒரு கிராமத்து வாத்தியார்தான். அதனால் எழுதுகிறேன்.

நண்பர் சொல்வது இதுதான். 'காக்கா' பாரசீகச் சொல். 'உம்மா' அறபுச் சொல். 'வாப்பா', 'ராத்தா' முதலியனவும் கடல் கடந்து வந்தவை. ஏனைய தமிழர் வீடுகளில் இச்சொற்கள் இல்லை. ஆகவே நமது வீட்டு மொழி அடிப்படையில் தமிழல்ல. தமிழ் நாம் வழியில் எடுத்துப் போட்டுக்கொண்ட ஒரு மேற்சட்டை. இதற்கு அவர் தரும் சான்று ஒரு பட்டியல். இடது பக்கம் நமது சொல். வலது பக்கம் அதைப் போல ஒலிக்கும் ஓர் அறபு அல்லது பாரசீகச் சொல். நடுவே ஒரு சமன் குறி. அந்தச் சமன் குறியோடுதான் எனது வழக்கு.

வழக்கைத் தொடங்க முன்னர் ஒரு சம்பவத்தைச் சொல்ல வேண்டும். சில வருடங்களுக்கு முன்னர் ஒரு பேச்சுப் போட்டிக்கு எங்கள் பாடசாலையிலிருந்து 6ஆம் தரத்துப் பிள்ளை ஒன்றைக் கூட்டிச் சென்றேன். தலைப்பு 'எனது குடும்பம்'. பிள்ளை நன்றாகத்தான் தொடங்கியது. "எனது காக்கா மாமரத்தில் ஏறி எனக்கு மாங்காய் பறித்துத் தருவார்" என்று சொன்னதும் மண்டபத்தின் ஒரு பக்கம் சிரித்தது. நடுவர்களில் ஒருவர் பகிடியாக, "காக்கா ஏறாது பிள்ளை, பறக்கும்" என்றார். மண்டபம் முழுவதும் சிரித்தது. பிள்ளைக்கு அடுத்த வசனம் மறந்து போனது. சிறிது நேரம் நின்றுவிட்டு இறங்கி வந்துவிட்டது.

நான் பின்வரிசைக் கதிரையில் இருந்தேன். எழும்பி இரண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வேனில் திரும்பி வரும்போது பிள்ளை கேட்டது: "சேர், காக்கா எண்டு சொல்றது பிழையா?"

"பிழையில்ல புள்ள. மேடையில அண்ணன் எண்டு சொல்லியிருக்கலாம்" என்றேன்.

"எனக்கு அண்ணன் இல்ல சேர். காக்காதான் இரிக்காரு."

அந்தப் பதிலுக்கு என்னிடம் அன்று மறுமொழி இருக்கவில்லை. நண்பரின் கட்டுரை அதற்குரிய மறுமொழியாக எனக்குப் பயன்படுமா என்ற ஆசையோடுதான் முதல் தடவை வாசித்தேன். "உன்னுடைய சொல் பாரசீகச் சொல், ஆகவே தலை நிமிர்ந்து சொல்" என்று அது அந்தப் பிள்ளைக்குச் சொல்கிறது. இரண்டாவது தடவை வாசித்தபோதுதான் விளங்கியது: அந்த நடுவரும் எனது நண்பரும் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள். 'காக்கா' என்று கேட்டவுடன் நடுவருக்குக் காக்கை நினைவு வந்தது. நண்பருக்குப் பாரசீகம் நினைவு வந்தது. ஓர் ஒலிக்கு ஒரே ஒரு பொருள்தான், ஒரே ஒரு சொந்தக்காரர்தான் என்று இருவருமே நம்புகிறார்கள். அந்தப் பிள்ளை அச்சொல்லை யாரை நினைத்துச் சொன்னது என்று இருவரும் கேட்கவில்லை.

ஒலி ஒற்றுமை எவ்வளவு மலிவானது என்பதை முதலில் பார்ப்போம். ஒரு மொழி தனது சொற்களை ஆக்குவதற்குப் பயன்படுத்தும் ஒலிகள் சில டசின்கள்தான். சொற்களோ பல்லாயிரம். உலகில் மொழிகள் ஏறக்குறைய 7000. இத்தனை மொழிகளும் இத்தனை சொற்களை இவ்வளவு குறைந்த ஒலிகளால் ஆக்கும்போது ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளாமல் இருந்தால்தான் அதிசயம். முட்டிக்கொள்வது அதிசயமல்ல.

பாரசீகத்தில் 'பத்' என்றால் கெட்டது. ஆங்கிலத்திலும் 'பேட்' என்றால் கெட்டது. உச்சரிப்பு ஏறக்குறைய ஒன்று, பொருளும் ஒன்று. இரண்டும் இந்தோ ஐரோப்பிய மொழிகள் வேறு. நண்பருடைய முறைப்படி இங்கே சமன் குறி போட்டே ஆக வேண்டும். ஆனால் மொழியியலாளர் போடுவதில்லை. இரண்டு சொற்களின் பழைய வடிவங்களையும் பின்னோக்கித் தேடிப் பார்த்தால் அவை விலகிப் போகின்றன. ஒரே மூலத்திற்குச் செல்வதில்லை. மலாயில் 'மாத்தா' என்றால் கண். இக்காலக் கிரேக்கத்தில் 'மாத்தி' என்றால் கண். மலாய் எங்கே, கிரேக்கம் எங்கே! கிரேக்கச் சொல் 'ஒம்மாத்தியொன்' என்ற பழைய சொல்லின் தலை தேய்ந்து வந்தது. அந்தத் தலையைத் திரும்ப ஒட்டிவிட்டால் மலாய்ச் சொல்லோடு உள்ள ஒற்றுமை மறைந்துவிடும்.

இன்னுமோர் உதாரணம் அவுஸ்திரேலியாவில் உள்ளது. குவீன்ஸ்லாந்தின் வடபகுதியில் 'ம்பபரம்' என்றோர் ஆதிவாசி மொழி இருந்தது. 1960களில் ஆர்.எம்.டபிள்யூ. டிக்ஸன் என்ற மொழியியலாளர் அம்மொழியை அறிந்த கடைசி மனிதர்களுள் ஒருவரிடம் சென்று சொற்களைக் கேட்டு எழுதினார். நாய்க்கு அந்த முதியவர் சொன்ன சொல் 'டொக்'. ஆங்கிலத்தில் நாய்க்கு என்ன சொல்லோ அதே சொல். வெள்ளைக்காரரிடம் கடன் வாங்கியதென்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் அயலிலுள்ள யிடின் மொழியில் நாய்க்குக் 'குடக' என்று பெயர். ம்பபரத்தில் பழைய சொற்களின் முன்பகுதி உதிர்ந்து, உயிரொலிகள் மாறிய விதத்தை அம்மொழியின் ஏனைய சொற்களிலும் காணலாம். அந்த மாற்றங்களின் வழியே 'குடக' தானாகவே 'டொக்' ஆனது. ஆங்கிலத்திற்கு அதில் எந்தப் பங்குமில்லை.

இத்தகைய ஒற்றுமைகளைக் காண அவுஸ்திரேலியா வரை போக வேண்டியதில்லை. நமது நாட்டு பஸ் ஒன்றில் ஏறினாலே போதும். ஒரு சிங்களப் பிள்ளை 'தாத்தா' என்று கூப்பிட்டால் அதன் தகப்பன் திரும்பிப் பார்ப்பார். கொழும்பு, காலிப் பக்கத்து முஸ்லிம் பிள்ளை 'தாத்தா' என்றால் அதன் மூத்த சகோதரி திரும்பிப் பார்ப்பாள். தமிழ்நாட்டிலிருந்து வந்த பிள்ளை 'தாத்தா' என்றால் பாட்டனார் திரும்பிப் பார்ப்பார். தகப்பன், அக்கா, பாட்டன் மூவரும் ஒரே சொல்லுக்குத் திரும்புகிறார்கள். இதில் எவருடைய 'தாத்தா' அசல், எவருடையது நகல்?

'நானா' என்பதையும் எடுத்துக்கொள்ளுங்கள். மேற்கிலும் தெற்கிலும் நம்மவர் மூத்த சகோதரனை அப்படி அழைக்கிறார்கள். ஹிந்தியில் 'நானா' தாயின் தகப்பன். தெலுங்கில் 'நான்ன' தகப்பன். ஜப்பானிய மொழியில் 'நன' ஏழு என்ற எண். தமிழிலோ 'நானா?' என்பது ஒரு கேள்வி. 'மாமா' நமக்குத் தாயின் சகோதரன். சிங்களத்தில் குறுக்கி 'மம' என்றால் நான். ஜோர்ஜிய மொழியில் 'மாமா' என்றால் தகப்பன். அம்மொழியில் தாய்க்குப் பெயர் 'தேதா'. பாரசீகத்தில் 'நான்' என்றால் ரொட்டி. ஒலி ஒன்றானால் பொருளும் ஒன்று என்று வாதிடப் புறப்பட்டால், கண்ணாடியைப் பார்த்து "நான் ஒரு ரொட்டி" என்று ஒப்புக்கொள்ள வேண்டி வரும்.

இப்போது காக்காவுக்கு வருவோம். ஆப்கானிஸ்தானத்துப் பாரசீகத்தில் 'காக்கா' என்றால் தகப்பனின் சகோதரன். ஈரானின் சில பகுதிகளில் சகோதரனையும் அப்படி அழைப்பார்கள். நண்பர் இதைக் காட்டியிருக்கிறார், சரி. ஆனால் அவர் காட்டாதவையும் உண்டு. ஹிந்தியில் 'காகா' சிறிய தகப்பன். மலாயில் 'காக்காக்' மூத்த சகோதரி. பழைய வழக்கில் மூத்த உடன்பிறப்பு யாருக்கும் பொதுவான சொல். இந்நாட்டில் நம்மோடு ஒரே பள்ளிவாசலில் தொழும் மலாய்ச் சகோதரர்களுடைய மொழி அது. கேரளத்து மாப்பிள்ளைமார் மூத்தவரைக் 'காக்கா' என்றும் 'இக்கா' என்றும் அழைக்கிறார்கள். நியூசிலாந்து மாவோரி மொழியில் 'காக்கா' ஒரு கிளி. தமிழில் கறுப்புப் பறவை. இத்தனை பேர் வாசலில் நிற்கும்போது பாரசீகத்துக்கு மட்டும் கதவைத் திறந்துவிட்டு, ஏனையோரை ஏன் வெளியே நிறுத்தினார்? பாரசீகம் கௌரவமாக இருக்கிறது, கிளி கௌரவமாக இல்லை என்பதைத் தவிர வேறு காரணம் கட்டுரையில் இல்லை.

நமது 'காக்கா' பாரசீகத்திலிருந்து வந்திருக்க முடியாது என்று நான் சொல்லவில்லை. வந்திருக்கலாம். மலாயிலிருந்தும் வந்திருக்கலாம். நமது தொட்டிலிலேயே பிறந்திருக்கவும் கூடும். இம்மூன்றில் எது என்பதை ஒலி மட்டும் தீர்க்காது என்பதே எனது வாதம்.

தொட்டில் என்று சொன்னது பகிடிக்கல்ல. உறவுமுறைப் பெயர்கள் விடயத்தில் இது மிகவும் முக்கியம். ரோமன் யாக்கொப்சன் என்ற ரஷ்ய மொழியியலாளர் 1960இல் வெளியான ஒரு கட்டுரையில் இதே கேள்வியை எடுத்துக்கொண்டார். ஒன்றோடொன்று தொடர்பேயில்லாத மொழிகளில் தாய்க்கும் தகப்பனுக்கும் ஒரே மாதிரியான சொற்கள் இருப்பது ஏன்? குழந்தையின் வாயில் இலகுவாக வருவன ம, ப, த, ந போன்ற ஒலிகள். அவற்றோடு 'ஆ' சேர்த்து இரண்டு தரம் சொன்னால் ஒரு சொல். பால் குடிக்கும்போதும் பசியில் சிணுங்கும்போதும் மூக்கு வழியாக வருவது ம்ம் என்ற முனகல். பெற்றோர் அதைத் தம்மைக் கூப்பிடுவதாக எடுத்துக்கொள்கிறார்கள். அதனால்தான் தமிழில் அம்மா, அறபில் உம்மு, கொரிய மொழியில் ஒம்மா. கொரியரும் தமிழரும் ஒரே இனம் என்று தமிழ்நாட்டில் சிலர் 'அம்மா, அப்பா' இரண்டையும் காட்டி எழுதுவதைப் பார்த்து நாம் சிரிக்கிறோம். அதே தராசில்தான் நண்பர் 'உம்மா'வை நிறுத்திருக்கிறார்.

நமது 'உம்மா' ஒரு பக்கம் அறபின் 'உம்மு'வுக்குப் பக்கத்தில் நிற்கிறது. மறுபக்கம் தமிழின் 'அம்மா'வுக்குப் பக்கத்தில் நிற்கிறது. இரண்டு வீடுகளுக்கும் நடுவே நிற்கும் ஒரு பிள்ளையைப் பிடித்து "நீ ஒரு வீட்டுக்கு மட்டும்தான்" என்று ஏன் இழுக்க வேண்டும்? தமிழ்நாட்டுப் பேச்சில் 'உம்மா' முத்தமும் ஆகிறது. சினிமாவில் கேட்ட அந்தப் பொருளை வைத்துக்கொண்டு நமது பிள்ளைகளைச் சீண்டுவோர் இருக்கிறார்கள். மலையாளத்தில் முத்தமும் 'உம்ம'தான், மாப்பிள்ளை வீடுகளில் தாயும் 'உம்ம'தான். அங்கே யாரும் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதில்லை.

அப்படியானால் எதுதான் சான்று? தனித்தனிச் சொற்களின் ஒற்றுமை சான்றல்ல. வரிசை வரிசையாக, ஒரு விதிக்கு அடங்கி வரும் வேற்றுமையே சான்று. தமிழில் பால், கன்னடத்தில் ஹாலு. பல், ஹல்லு. புலி, ஹுலி. பூ, ஹூவு. நமது சொல்லின் முதலில் 'ப' வந்தால் கன்னடத்தில் 'ஹ' வருகிறது. ஒரு சொல்லில் அல்ல, சொல்லுக்குச் சொல் வருகிறது. இது தற்செயலாக நடக்காது. எல்லிஸ் 1816இலும் கால்டுவெல் 1856இலும் தென்னிந்திய மொழிகள் ஒரு குடும்பம் என்று எழுதியபோது அவர்களும் வெறும் ஒலி ஒற்றுமையோடு நின்றுவிடவில்லை. இலக்கண அமைப்பையும் பார்த்தார்கள்.

இன்னுமொன்று. உண்மையான உறவினர் பல வேளைகளில் முகம் ஒத்திருப்பதில்லை. ஆங்கில 'வீல்' என்பதும் சமஸ்கிருத 'சக்ர' என்பதும் ஒரே பழைய மூலத்திலிருந்து பிறந்தவை. காதால் கேட்டு யாராவது இதைக் கண்டுபிடிக்க முடியுமா? 'பேட்'டும் 'பத்'தும் அந்நியர். 'வீல்'லும் 'சக்கர'மும் இரத்த உறவு. காதை நம்பினால் இரண்டிலும் தவறு செய்வோம்.

கடன் சொல்லுக்குச் சான்று வேறு. அங்கே கொடுத்தவர், வாங்கியவர், கொண்டுவந்த வழி மூன்றும் தெரிய வேண்டும். பாண் என்ற சொல்லைப் பாருங்கள். பழைய தமிழில் 'பாண்' என்றால் பாட்டு. பாணர் என்ற பெயர் அதிலிருந்து வந்தது. நாம் காலையில் சம்பலோடு சாப்பிடும் பாண் போர்த்துக்கேயரின் 'பாவ்ங்'. 1505இல் வந்தவர்கள் 1658இல் போய்விட்டார்கள், பாண் போகவில்லை. அதே போர்த்துக்கேயர் ஜப்பானுக்கும் போனார்கள். ஜப்பானியரும் அதைப் 'பன்' என்கிறார்கள். பொருள், கப்பல், காலம் எல்லாம் பொருந்துகின்றன. இங்கே சமன் குறி போடலாம்.

ஆனால் சமன் குறி போட்ட பிறகும் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. கடன் சொல்லால் இரத்தம் மாறுமா? நான் கதிரையில் இருக்கிறேன், சப்பாத்துப் போடுகிறேன், அலுமாரியில் உடுப்பு வைக்கிறேன். மூன்றும் போர்த்துக்கேயச் சொற்கள். எனது மூத்தப்பா கந்தோர் என்றுதான் சொல்வார். அது ஒல்லாந்தச் சொல். அதனால் எங்கள் குடும்பம் பறங்கியர் ஆகிவிடவில்லை. மறுபக்கம், பாக்கி, வசூல், அசல், நகல், தகராறு, வக்கீல் எல்லாம் அறபிலிருந்து வந்தவை. தமிழ்நாட்டில் கோயில் நிர்வாகியும் பாக்கி வசூல் செய்கிறார், தகராறு முற்றினால் வக்கீலிடம் போகிறார். அவர் அறபியரின் வாரிசா? அறபுச் சொல் அவர் வாயில் வந்தால் வெறும் சொல், நமது வாயில் வந்தால் வம்சாவளி என்பது என்ன நியாயம்?

இந்த வாதம் நமக்குப் புதியதல்ல என்பதால்தான் எனக்குப் பயம். 1888இல் சேர் பொன்னம்பலம் இராமநாதன் ராயல் ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளையில் ஒரு கட்டுரை வாசித்தார். இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே, மதத்தால் மட்டுமே வேறு என்பது அதன் முடிவு. அவர் எடுத்துக்காட்டிய சான்றுகளில் முக்கியமானது நாம் பேசும் மொழி. சட்ட நிரூபண சபையில் முஸ்லிம்களுக்குத் தனி ஆசனம் வேண்டுமா என்ற கேள்வி எழுந்திருந்த காலம் அது. 1907இல் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் அதற்கு விரிவான மறுப்பு எழுதினார். ஒரு மக்கள் கூட்டம் பேசும் மொழியை வைத்து அதன் வம்சத்தைத் தீர்மானிக்க முடியாது என்பது அவருடைய பக்கத்தின் பலமான வாதம். அது சரியான வாதம். இன்றைக்கும் சரி.

நண்பரிடம் நான் கேட்பது இதுதான். தமிழ் பேசுவதால் நாம் தமிழினம் ஆகிவிட மாட்டோம் என்று அன்று சொன்னோம். அப்படியானால் அறபுச் சொற்கள் சிலவற்றைப் பேசுவதால் நாம் அறபியர் ஆகிவிடுவோம் என்று இன்று எப்படிச் சொல்லலாம்? இராமநாதனை எதிர்க்க எடுத்த கத்தி இரண்டு பக்கமும் வெட்டும். இனம் வேறு, மொழி வேறு என்றால் அது எப்போதும் வேறுதான். நமக்கு வசதியான இடத்தில் மட்டும் ஒன்றாக்கிக்கொள்ள முடியாது.

அறபியரும் பாரசீகரும் இந்நாட்டிற்கு வந்தார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. மறுக்கத் தேவையுமில்லை, அதற்குக் கல்லிலேயே சான்று இருக்கிறது. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹேயின் காலத்தில், 1409ஆம் ஆண்டுத் திகதியிட்டு வெட்டப்பட்ட கல்வெட்டு ஒன்று 1911இல் காலியில் கண்டெடுக்கப்பட்டது. இன்று அது கொழும்பு தேசிய நூதனசாலையில் இருக்கிறது. ஒரே கல்லில் சீனம், தமிழ், பாரசீகம் என ஒன்றோடொன்று குடும்ப உறவில்லாத மூன்று மொழிகள். சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தேனாவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் அல்லாஹ்வுக்கும் காணிக்கை சொல்லப்பட்டிருக்கிறது. அக்காலத்தில் இக்கரைகளில் முஸ்லிம் வணிகருக்குப் பாரசீகம் விளங்கியது என்பதற்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? பாரசீகத்தைத் தேடுபவர் இந்தக் கல்லிடம் போகட்டும். அதற்கும் முன், 1344இல் இங்கு வந்த இப்னு பதூதா புத்தளத்தில் ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்தார். அந்தத் தமிழ் மன்னருக்குப் பாரசீகம் விளங்கியது என்று அவரே எழுதியிருக்கிறார். பாரசீகம் அறிந்ததால் அம்மன்னர் பாரசீகர் ஆகிவிடவில்லை.

ஒலி ஒற்றுமையில் விளையாடுவோர் இப்போது மார்க்கச் சொற்களிலும் கை வைக்கத் தொடங்கியிருக்கிறார்கள். ஓர் இலக்கியக் கூட்டத்தில் ஒருவர் எழும்பி, கலிமாவில் வரும் 'இல்லா'வும் தமிழின் 'இல்லா'வும் ஒன்றுதான், ஆகவே அறபுக்கே மூலம் தமிழ் என்றார். சபையில் கைதட்டு வேறு. அறபு 'இல்லா' விதிவிலக்கைக் காட்டும் சொல். 'தவிர' என்று பொருள். அதை 'இன்', 'லா' என்ற இரண்டு சொற்கள் சேர்ந்ததாக விளக்குவர்: 'என்றால்', 'இல்லை'. எதிர்மறை அங்கே 'லா'வில் இருக்கிறது. தமிழிலோ எதிர்மறை 'இல்' என்ற அடியில் இருக்கிறது. இலன், இலர், இல்லேன் என்று அது திணை, பால், இடம் காட்டும். 'லா'வோ எதையும் காட்டாமல் தனியே நிற்கும். ஒன்றில் எதிர்மறை தலையில், மற்றதில் வாலில். ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால் எந்த எலும்பும் பொருந்தவில்லை. தமிழுக்குப் பெருமை சேர்க்கவென்று சொல்லப்பட்ட இந்த வாதமும், நமக்குப் பெருமை சேர்க்கவென்று நண்பர் எழுதிய கட்டுரையும் ஒரே அச்சில் வார்த்தவை.

இன்னொரு சொல்லையும் கவனியுங்கள். உள்ளத்தைக் 'கல்பு' என்று எழுதுகிறோம். அறபில் அது காஃப் எழுத்தில் தொடங்கும் இரண்டு சொற்களில் ஒன்று. தொண்டையடியில் பிறக்கும் காஃப் என்றால் இதயம். சாதாரண காஃப் என்றால் நாய். தமிழில் இரண்டுக்கும் இருப்பது ஒரே 'க'. நமது முன்னோர் அறபுத் தமிழில் எழுதிய காலத்தில் இந்தச் சிக்கல் இருக்கவில்லை. அறபு எழுத்துகளே வேறுபாட்டைக் காட்டின. எழுத்து வடிவத்தை மட்டும் பார்த்துப் பொருள் சொல்பவன் எந்தக் குழியில் விழுவான் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. இருந்தும் 'கல்பு' என்று வாசிக்கும் நமது உம்மாமார் எவரும் நாயை நினைப்பதில்லை. இடமும் ஆளும் பேச்சின் போக்கும் பொருளைத் தருகின்றன. வெறும் ஒலி தருவதில்லை.

நண்பர் ஏன் இப்படி எழுதினார் என்பது எனக்கு விளங்காமலில்லை. 1990 ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். அதே ஆண்டு ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். அதைச் செய்தவர்கள் நம்மோடு பேசிய மொழி தமிழ். வெளியேறும்படி சொன்ன ஒலிபெருக்கியிலும் தமிழ். அந்த மொழியை நமதென்று சொல்ல ஒரு தலைமுறைக்கு நாக்கு கூசியதென்றால் அதில் ஆச்சரியப்பட எதுவுமில்லை. ஆனால் மொழி அந்த ஒலிபெருக்கிக்கு மட்டும் சொந்தமா? வெளியேறி வந்து புத்தளத்து ஓலைக் குடிசைகளில் பிள்ளைகளைத் தாலாட்டிய தாய்மாரும் தமிழில்தான் தாலாட்டினார்கள். அவர்களுடைய தமிழை எடுத்து ஒலிபெருக்கிக்காரனிடம் கொடுத்துவிட்டு, நாம் அகராதியில் வேறு பூர்வீகம் தேடுவதா?

நண்பரின் வாதத்தில் இன்னோர் ஆபத்தும் உண்டு. 'காக்கா' பாரசீகம் என்பதால் மதிப்புடையது என்றால், நாளை யாராவது அது பாரசீகமல்ல என்று நிரூபித்துவிட்டால் அந்தப் பிள்ளையின் கதி என்ன? மறுபடியும் மேடையிலிருந்து இறங்க வேண்டியதுதானா? ஒரு சொல்லுக்கு மதிப்பு அது எங்கிருந்து வந்தது என்பதில் இல்லை. மூத்த சகோதரனை ஒரு சமூகம் தலைமுறை தலைமுறையாக அந்தச் சொல்லால் அழைத்து வந்திருக்கிறது. அவனும் அதற்குத் திரும்பிப் பார்க்கிறான். சொல்லுக்கு வேறு தகுதி வேண்டியதில்லை. அதைப் பேசுகிறவர்கள் தமிழ் பேசுகிறார்கள். ஆகவே அது தமிழ்ச் சொல். யாழ்ப்பாணத்தார் முத்தமிடுவதைக் 'கொஞ்சுதல்' என்கிறார்கள். மற்ற இடங்களில் கொஞ்சுதல் வேறு. அதற்காக யாழ்ப்பாணத்துத் தமிழ் தமிழல்ல என்று யாரும் சொல்வதில்லை. நமது காக்காவுக்கு மட்டும் ஏன் வேறு சட்டம்?

ஆகவே மூன்று பேரிடம் மூன்று விடயங்களைக் கேட்டு முடிக்கிறேன்.

போட்டிகளுக்கு நடுவராகப் போகிறவர்களிடம்: பிள்ளையின் சொல் உங்களுக்குப் புதிதாக இருந்தால், சிரிக்க முன்னர் அது எந்த வீட்டிலிருந்து வருகிறது என்று கேளுங்கள். பறவைக்கும் உடன்பிறப்புக்கும் ஒரே பெயர் இருப்பதால் எந்தப் பிள்ளையும் தனது சகோதரனைக் கூரையில் தேடுவதில்லை.

எனது நண்பரிடம்: அந்தப் பட்டியலைக் கிழித்துப் போட வேண்டாம். வலது பக்கத்தை மட்டும் மடித்து வையுங்கள். இடது பக்கத்தில் உள்ள சொற்களை ஊர் ஊராகச் சென்று சேகரியுங்கள். எந்த ஊரில் காக்கா, எந்த ஊரில் நானா, எங்கே ராத்தா, எங்கே தாத்தா, எல்லைகள் எங்கே மாறுகின்றன என்று எழுதுங்கள். மூத்தம்மாமார் மௌத்தாக முன்னர் செய்ய வேண்டிய வேலை அது. அப்படி ஒரு தொகுப்பு வந்தால் இச்சொற்களின் பூர்வீகமும் ஒரு நாள் தானாகவே வெளிப்படலாம். அன்றைக்கு நான் முதல் ஆளாக அதை ஏற்றுக்கொள்வேன், அது பாரசீகமாக இருந்தாலும் சரி.

மூன்றாவது ஆள் நான்தான். அந்தப் பிள்ளை இப்போது உயர்தரம் படிக்கிறது. போன மாதம் வீதியில் கண்டேன். மோட்டார் சைக்கிளின் பின்னால் இருந்தபடி, "சேர், இவருதான் எங்கட காக்கா" என்று முன்னால் இருந்தவரைக் காட்டியது. ஸலாம் சொன்னேன். அன்றைக்கு மண்டபத்தில் எழும்பிச் சொல்லியிருக்க வேண்டியதை அவர்கள் இருவருக்கும் வீதியோரத்தில் நின்று சொன்னேன். பிள்ளை கேட்டுவிட்டு, "அதுக்கென்ன சேர்" என்றது. ஆனால் எனது கணக்கு தீரவில்லை. அதனால்தான் இதை எழுதினேன்.